ஆமை குரோமோசோம் எண்ணிக்கை 50 வரமாட்டேன் என்கிறது: செல் வளர்ப்பில் எங்கே தப்பு?

1. ஓட்டுக்குள்ளே

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை இரண்டாம் ஆண்டு, ப்ராஜெக்ட் நேரம். தலைப்பு எளிதாகத்தான் இருந்தது: சிவப்புக்காது ஆமையின் தோலிலிருந்து செல் வளர்த்து, குரோமோசோம் தொகுப்பைப் படம் பிடித்து வரிசைப்படுத்துவது. இந்த ஆமைக்கு 50 என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, கை பழகத்தான்.

காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்ட ஆமை ஒன்றின் வால் நுனியிலிருந்து மருத்துவர் மிகச் சிறிய தோல் துணுக்கு எடுத்துத் தந்தார். ஃபைப்ரோபிளாஸ்ட் (தோலின் இணைப்புத் திசு) செல்கள் நன்றாக வளர்ந்தன. ஸ்லைடு போட்டு ஜீம்சா சாயம் ஏற்றி, இதுவரை 31 மெட்டாஃபேஸ் (பிரியும் நடுவில், குரோமோசோம்கள் தடித்துத் தெரியும் நிலையில் உள்ள செல்) எண்ணியிருக்கிறேன். இதோ கணக்கு:

50 வந்தது 9 செல்லில். 49 வந்தது 5. 48 வந்தது 6. 47 வந்தது 3. அதற்கும் கீழே 5. ஒரே ஒரு செல்லில் 51. இரண்டு செல்லில் 100க்குப் பக்கம்.

கைடிடம் காட்டினேன். "நல்லதா இருக்கிற ஒன்பதை எடுத்துப் படம் போட்டு, 50 என்று எழுதிவிடு, எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. 31இல் 9 என்றால் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி 22 செல் என்ன பாவம் செய்தது?

2. பழைய_மைக்ராஸ்கோப்

பதில் சொல்வதற்கு முன் நான்கு கேள்வி. எத்தனையாவது பாசேஜ், அதாவது எத்தனையாவது தடவை பிரித்துப் புது ஃபிளாஸ்கில் விட்ட செல்? செல் பிரிவதை மெட்டாஃபேஸில் நிறுத்தும் கோல்செமிட் எவ்வளவு நேரம்? பொட்டாசியம் குளோரைடு எவ்வளவு நேரம், எந்த வெப்பநிலையில்? இன்குபேட்டர் எத்தனை டிகிரி?

3. ஓட்டுக்குள்ளே

ஐயா, ஒன்பதாவது பாசேஜ். கோல்செமிட் 4 மணி நேரம். 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடு, 37 டிகிரி வாட்டர் பாத்தில் 40 நிமிடம். இன்குபேட்டர் 30 டிகிரி. கரைசல் நேரமெல்லாம் எங்கள் லேபில் மனித ரத்தத்துக்கு வைத்திருக்கும் செய்முறைத் தாளைப் பார்த்து, கொஞ்சம் கூட்டிக்கொண்டேன்.

4. மூன்றாம்பாசேஜ்

தங்கச்சி, உன் நான்கு பதிலில் மூன்றில் சிக்கல் இருக்கிறது. இன்குபேட்டர் மட்டும் சரி.

முதலில் கோல்செமிட். ஆமை செல் 30 டிகிரியில் மெதுவாகத்தான் பிரியும். அதனால் மெட்டாஃபேஸ் குறைவாகக் கிடைக்கும், உடனே "இன்னும் ரெண்டு மணி நேரம் விடுவோம்" என்று கை நீளும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் மெட்டாஃபேஸில் தடுத்து நிறுத்தப்பட்ட செல்லில் குரோமோசோம்கள் சும்மா இருக்காது, நேரம் ஆக ஆகச் சுருங்கிக்கொண்டே போகும். மனித செல்லில் சுருங்கினால் பட்டைகள் தெளிவாக வராது, அவ்வளவுதான். ஆமையில் கிட்டத்தட்டப் பாதிக் குரோமோசோம்கள் மைக்ரோ, அதாவது மிகச் சின்னவை. சுருங்கினால் அவை புள்ளியாகிவிடும். புள்ளியா, சாயத்தூளா என்று நீயே சந்தேகப்படுவாய்.

அடுத்தது பொட்டாசியம் குளோரைடு. நீர்த்த உப்புக் கரைசலில் செல் தண்ணீரை உறிஞ்சி ஊதும். ஊதினால்தான் ஸ்லைடில் சொட்டும்போது குரோமோசோம்கள் விலகி விழும். ஊதாவிட்டால் கொத்தாகக் கிடக்கும். அதிகம் ஊதினால் சவ்வு வெடித்து உள்ளே இருப்பது சிதறிவிடும். 37 டிகிரியில் 40 நிமிடம் என்பது என் கணக்கில் வெடிக்கிற பக்கம். வெடித்த செல்லிலிருந்து முதலில் ஓடிப்போவது யார்? சின்னவைதான்.

உன் கணக்கையே பார். 50க்குக் கீழே 19 செல், 50க்கு மேலே (100ஐ விட்டுவிட்டால்) ஒன்று. இந்தச் சாய்வு தற்செயல் இல்லை. குரோமோசோம் தொலைவது சுலபம், கூடுவது கஷ்டம். தொலைய வழிகள் நிறைய: சிதறல், ஒன்றன்மேல் ஒன்று கிடப்பது, பெரியதன் நிழலில் சின்னது ஒளிவது. கூட வேண்டுமென்றால் பக்கத்துச் செல்லிலிருந்து ஒன்று உருண்டு வர வேண்டும். அதனால்தான் சராசரி எடுக்கவே கூடாது. சராசரி எடுத்தால் உன் ஆமைக்கு 48 சொச்சம் வரும். அதிகத் தடவை வரும் எண்ணைத்தான் பார்ப்போம்.

100 வந்த இரண்டும் நாலுமயச் செல்கள், அதாவது வழக்கமான இரண்டுக்குப் பதில் நான்கு தொகுதி குரோமோசோம் உள்ளவை. வளர்ப்பில் சகஜம். அவற்றைக் குறித்து வை, கவலைப்படாதே.

பாசேஜ் பற்றி அப்புறம் சொல்கிறேன், ஃபிளாஸ்க் காத்திருக்கிறது.

5. சும்மாவாசகன்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், நான் இந்தத் துறை இல்லை. ஒரு சந்தேகம். ஆமையின் உடம்பு முழுக்கச் செல்தானே? ரெண்டு செல்லை எடுத்து நேராக மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ண முடியாதா? எதற்கு வாரக்கணக்கில் வளர்க்க வேண்டும்?

6. பழைய_மைக்ராஸ்கோப்

நல்ல கேள்வி. மன்னிப்பெல்லாம் வேண்டாம்.

குரோமோசோம் எப்போதும் புத்தகப் படத்தில் வருவதுபோல் தடித்த குச்சியாக இருப்பதில்லை. பெரும்பாலான நேரம் அது உட்கருவுக்குள் அவிழ்ந்த நூல். செல் பிரியப்போகும் சமயத்தில்தான் சுருண்டு, எண்ணுகிற மாதிரி ஆகும். வளர்ந்த ஆமையின் தோலில் ஒரு நேரத்தில் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் மிகச் சொற்பம். அந்தக் காலத்தில் ஆமைக்குக் கோல்ச்சிசின் (இதுவும் செல் பிரிவதை நிறுத்தும்) ஊசி போட்டுவிட்டு, பிறகு அதைக் கொன்று மண்ணீரல், எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு ஆமை, ஒரு தடவை, அவ்வளவுதான். வளர்ப்பு என்றால் துணுக்குத் தோல் போதும், ஆமை திரும்பித் தண்ணீருக்குள் போய்விடும். செல் பிழைத்திருந்தால் உறைய வைத்து இருபது வருடம் கழித்தும் எடுத்துப் பார்க்கலாம். சான் டியாகோவில் கர்ட் பெனிர்ஷ்கே 1970களில் ஆரம்பித்த உறைந்த விலங்குக்காட்சியகம் இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி.

7. சென்ட்ரிஃபியூஜ்

தோல் எதற்கு, ரத்தம் எடுத்தால் நாலைந்து நாளில் முடிந்துவிடுமே. 1960லேயே மூர்ஹெட் குழு ரத்தத்தின் வெள்ளணுவை வளர்த்துப் பார்க்கும் வழியைக் கொடுத்துவிட்டது. எங்கள் லேபில் மனிதர்களுக்கு அதுதான் செய்கிறோம். வெள்ளணுவைப் பிரியத் தூண்டும் ஃபைட்டோஹெமாக்ளூட்டினின் போடு, மூன்று நாள் வை, எடு.

8. கால்நடைக்காரன்

மனிதர்களுக்குச் சரி. ஆமையிடம் அந்தப் பருப்பு வேகாது என்று சொல்லமாட்டேன், வேகும், ஆனால் வேறு அடுப்பு வேண்டும்.

மனித ரத்தச் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. பொட்டாசியம் குளோரைடில் போட்டால் உடைந்து கரைந்து போய்விடும், ஸ்லைடு சுத்தம். ஆமையின் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு. உடைந்த பிறகும் அந்த உட்கரு அப்படியே நிற்கும். முதல் தடவை நான் முழு ரத்தத்தை வளர்த்து ஸ்லைடு போட்டபோது, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஊதா நிற முட்டை முட்டையாக உட்கருக்கள். நடுவில் எங்கேயோ ஒரு மெட்டாஃபேஸ், அதன் மேலும் இரண்டு முட்டை. ரத்தக் குழாயை மெஷினில் மெதுவாகச் சுழற்றி, வெள்ளணு அடுக்கை மட்டும் உறிஞ்சி எடுத்தால்தான் வேலைக்கு ஆகும்.

இன்னொன்று, குழாய் விஷயம். ரத்தம் உறையாமல் இருக்க, நாய், பூனைக்குப் பழகிய கை ஈடிடிஏ குழாயைத்தான் தேடும். அது ஆமை ரத்தத்தின் சிவப்பணுவை உடைத்துவிடும். ஹெப்பாரின் குழாய்தான். ரத்தம் எடுக்கும்போது நிணநீர் கலந்தாலும் மாதிரி நீர்த்துவிடும்.

அப்புறம், ஆமையின் வெள்ளணு பருவத்துக்குப் பருவம் மனநிலை மாறும். வெயில் காய்ந்து நன்றாகச் சாப்பிடும் ஆமையின் அணு துள்ளும். குளிரில் ஒடுங்கியிருந்ததன் அணு என்ன போட்டாலும் அசையாது.

ஓட்டுக்குள்ளே, தோலைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவுதான். துணுக்கைக் கழுவும்போது பூஞ்சை வரவில்லையா?

9. ஓட்டுக்குள்ளே

வராமல் இருக்குமா சார்! முதல் இரண்டு தட்டும் போச்சு. ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் பஞ்சு மாதிரி. ஆமைத் தோலில் பாசியே குடியிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்றாவது தடவை ஆல்கஹாலில் துடைத்து, பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின், ஆம்ஃபோடெரிசின் கலந்த கரைசலில் பல முறை அலசி, கத்தியால் கடுகிலும் சின்னதாக நறுக்கி, தட்டில் ஒட்டவிட்டு, அதை மூடும் அளவுக்கு மட்டும் மீடியம் விட்டேன். பதினோரு நாள் ஒன்றுமே இல்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு துண்டின் ஓரத்தில் கூர்கூராக நான்கு செல் தலைநீட்டியது. அன்றைக்கு ஹாஸ்டலுக்குப் போகவே மனசு வரவில்லை.

10. வரிசைமுறை

யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் 2013லேயே ஓவிய ஆமை, சீனப் பாலாமை, பச்சை ஆமை மூன்றுக்கும் மரபணுத்தொகை வெளியாகிவிட்டது. இப்போது நீண்ட வாசிப்பு வரிசைமுறை, ஹை-சி (உட்கருவுக்குள் எந்த டிஎன்ஏ துண்டு எதற்குப் பக்கத்தில் என்று பார்க்கும் முறை) எல்லாம் சேர்த்து குரோமோசோம் நுனி முதல் நுனி வரை கோக்கிறார்கள். இந்தக் காலத்தில் ஜீம்சா சாயத்தில் குச்சி எண்ணுவது, கால்குலேட்டர் இருக்கும்போது விரல் விடுவதுபோல் இல்லையா?

11. பழைய_மைக்ராஸ்கோப்

விரல் விட்டு எண்ணியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கோத்தது சரியா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்? கணினி 27 துண்டு கொடுத்தால், இந்த ஆமைக்கு 25 ஜோடிதான், இரண்டு எங்கேயோ ஒட்டவில்லை என்று சொல்வது இந்த ஸ்லைடுதான். அதுவும் மைக்ரோகுரோமோசோம்களில் டிஎன்ஏவின் ஜி, சி எழுத்துகள் அதிகம், மரபணு நெருக்கம் அதிகம். பழைய வரிசைமுறைகளில் துண்டு துண்டாகக் காணாமல் போனவை இவைதான். ஹை-சிக்கு உயிருள்ள செல் வேண்டுமென்றால் அதுவும் இதே ஃபிளாஸ்கிலிருந்துதான் போகும்.

மைக்ரோகுரோமோசோம்களைப் பற்றி ஒரு வார்த்தை. ரொம்ப நாள் அவற்றை உதிரித்தூள் என்றே நினைத்தார்கள். 2021இல் வந்த ஒப்பீட்டில், பறவை, ஆமை, பாம்பு எல்லாவற்றிலும் அவை கிட்டத்தட்ட அப்படியே காக்கப்பட்டிருப்பதும், பாலூட்டிகளில்தான் அவை ஒன்றோடொன்றும் பெரியவற்றோடும் ஒட்டிப்போனதும் தெரிந்தது. அதாவது பழைய வீடு ஆமையுடையது, இடித்துக் கட்டியது நாம். 2005இல் மட்சுடா குழு சீனப் பாலாமையின் குரோமோசோம்களைக் கோழியுடையதோடு பொருத்திப் பார்த்தபோது, ஆமையின் பெரிய ஆறும் கோழியின் பெரியவற்றோடு ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்தின. அந்தப் பொருத்தமும் வளர்த்த செல்லின் மெட்டாஃபேஸ் மேல் ஒளிரும் டிஎன்ஏ துண்டுகளை ஒட்டிப் பார்த்ததுதான்.

12. வரிசைமுறை

சரி, ஹை-சி விஷயத்தை ஏற்கிறேன். "27 துண்டு" என் சொந்தக் கதை மாதிரியே இருக்கிறது, அதனால் மேலே பேசவில்லை.

13. கால்நடைக்காரன்

அந்தக் காப்பக மருத்துவர் என்னிடம் கேட்டிருந்தால் ஒன்று கேட்பேன்: குரோமோசோம் பார்த்து ஆணா பெண்ணா சொல்லிவிடலாமா? குட்டியாக இருக்கும்போது வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாமல் திண்டாடுகிறோம்.

14. மூன்றாம்பாசேஜ்

சிவப்புக்காது ஆமையில் முடியாது. அதன் பாலினத்தைத் தீர்மானிப்பது முட்டை கிடந்த வெப்பம். 26 டிகிரி பக்கம் அடைகாத்தால் ஆண், 31 பக்கம் என்றால் பெண். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 50. கடலாமைகளும் இதே ரகம்.

எல்லா ஆமையும் அப்படி இல்லை என்பதுதான் சுவாரசியம். ஸ்டாரோடைபஸ் என்ற சேற்றாமை வகையில் எக்ஸ், ஒய் பால் குரோமோசோம்கள் இருப்பது 1974லேயே தெரியும். சீனப் பாலாமையில் பறவைபோல இசட், டபிள்யூ, அதுவும் மைக்ரோ. 2007இல்தான் பிடித்தார்கள். ஆஸ்திரேலியாவின் பாம்புக்கழுத்து ஆமையில் எக்ஸ்-ஒய் இரண்டும் மைக்ரோ, சாதாரணச் சாயத்தில் வித்தியாசமே தெரியாது. ஆண், பெண் இரண்டின் டிஎன்ஏவையும் வேறுவேறு நிறத்தில் ஒளிரவைத்து ஒரே ஸ்லைடில் போட்டியிடவிட்டுத்தான் 2006இல் கண்டார்கள். "இந்த ஆமைக்குப் பால் குரோமோசோம் கிடையாது" என்று பழைய கட்டுரையில் இருந்தால், "ஜீம்சாவில் தெரியவில்லை" என்று மட்டும் படியுங்கள்.

15. சும்மாவாசகன்

எல்லா ஆமைக்கும் 50தானா?

16. சென்ட்ரிஃபியூஜ்

இல்லை. 26இலிருந்து 68 வரை போகும். நில ஆமைகள் 52. பாலாமைகள் 66. கடலாமைகள், பச்சை ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை எல்லாமே 56. அதனால் கடலாமைகளுக்குள் கலப்பு நடந்தால் எண்ணிக்கையை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

17. மூன்றாம்பாசேஜ்

பாசேஜ் கதைக்கு வருகிறேன்.

ஃபிளாஸ்கில் இருப்பது ஆமை இல்லை, தங்கச்சி. ஆமையிலிருந்து புறப்பட்டு, பிளாஸ்டிக்கில் வாழப் பழகிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம். ஒவ்வொரு முறை ட்ரிப்சின் போட்டுப் பிரித்துப் புது ஃபிளாஸ்கில் விடும்போதும் வேகமாகப் பெருகுகிறவன் ஜெயிக்கிறான். பிரியும்போது தவறிப்போய் ஒரு குரோமோசோம் கூடுதலாகப் பெற்ற செல், உடம்புக்குள் இருந்தால் ஒதுக்கப்பட்டிருக்கும். ஃபிளாஸ்கில் அவனைக் கேட்க ஆள் இல்லை. பாக்ஸ் ஆமையின் இதயத்திலிருந்து 1960களில் உருவாக்கிய டிஎச்-1 என்ற செல் வரிசை சாகாமல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வைரஸ் ஆய்வுக்கு அருமை. அதை எண்ணிப் பாக்ஸ் ஆமைக்கு இத்தனை என்று எழுத முடியாது.

ஆமைச் செல் பொதுவாக நிதானமானது என்பது உண்மை. 1974இல் கலாபகோஸ் பெரும் நில ஆமையின் செல்கள் 90 முதல் 125 தடவை வரை இரட்டிப்பானதைக் கண்டார்கள். மனித ஃபைப்ரோபிளாஸ்ட் 50 பக்கத்தில் நின்றுவிடும். அதற்காக ஒன்பதாவது பாசேஜ் பத்திரம் என்று அர்த்தமில்லை. மூன்றாவதிலேயே எண்ணி முடித்துவிடு. என் பெயர் எதற்கு இப்படி என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆரம்ப பாசேஜ் உறைய வைத்தாயா?

18. ஓட்டுக்குள்ளே

இரண்டாவது பாசேஜில் மூன்று குப்பி வைத்தேன் அக்கா. ஒன்றை எடுத்து உயிர்ப்பிக்கிறேன்.

19. சென்ட்ரிஃபியூஜ்

நான் கைடு பக்கம்தான் நிற்பேன். நல்ல பரவல்தான் (ஒரு செல்லின் குரோமோசோம்கள் ஸ்லைடில் விரிந்து கிடப்பதுதான்) எண்ணத்தக்கது. கொத்தாகக் கிடப்பதையும் சிதறியதையும் எண்ணி அட்டவணை போடுவது நேர்மை இல்லை, வெட்டி வேலை. எல்லா லேபிலும் தேர்ந்தெடுத்துத்தான் எண்ணுகிறார்கள்.

20. பழைய_மைக்ராஸ்கோப்

தேர்ந்தெடுப்பதில் தப்பில்லை. எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறாய் என்பதுதான் கேள்வி. விளிம்பு வட்டமாக இருக்கிறதா, ஒன்றன்மேல் ஒன்று கிடக்கிறதா, பக்கத்தில் இன்னொரு செல் இருக்கிறதா என்று பார்த்து, எண்ணுவதற்கு முன்பே இது வேண்டும், இது வேண்டாம் என்று சொன்னால் அது தேர்வு. எண்ணிப் பார்த்து 50 வந்தால் "நல்ல பரவல்", 48 வந்தால் "கெட்ட பரவல்" என்றால் அதற்குப் பெயர் வேறு.

இதில் நம் துறைக்கே ஒரு பழைய வடு உண்டு. 1923இல் பெய்ன்டர் என்ற ஆய்வாளர் மனிதனுக்கு 48 என்று எழுதினார். அதற்குப் பிறகு முப்பது வருடம் எல்லோரும் 48தான் எண்ணினார்கள். 1952இல் டி. சி. ஹ்சு, கழுவும் உப்புக் கரைசலை யாரோ தப்பாகக் கலந்து நீர்த்துவிட, குரோமோசோம்கள் அழகாக விரிந்து விழுந்த ஸ்லைடுகளைப் பார்த்தார். இன்று நாம் பொட்டாசியம் குளோரைடில் ஊதவைப்பதெல்லாம் அந்தத் தப்பின் வாரிசு. அவ்வளவு தெளிவான ஸ்லைடு கையில் இருந்தும் அவரும் 48 என்றே எழுதினார். ட்ஜியோவும் லெவானும், கருவின் நுரையீரலிலிருந்து வளர்த்த செல்லில், 46 என்று 1956இல் வெளியிட்டார்கள். கண் இருந்தது, ஸ்லைடு இருந்தது. எதிர்பார்ப்பு குறுக்கே நின்றது.

நீ செய்ய வேண்டியது சின்ன வேலை. ஸ்லைடு எண்ணை மறைத்துக் குறியீடு ஒட்டு. வேறொருவரை ஒட்டச் சொல். பரவலைப் படம் எடு, எண்ணும் முன்பே ஏற்பதா தள்ளுவதா என்று எழுதிவிடு. பிறகு எண்ணு.

எண்ணிக்கை மட்டும் போதாது. இந்த ஆமைக்குப் பழைய வழக்கப்படி மூன்று குழு: நடுவிலோ நடுவுக்குப் பக்கத்திலோ சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இடுப்பு) உள்ள பெரியவை 8 ஜோடி, சென்ட்ரோமியர் நுனிப்பக்கம் உள்ள பெரியவை 5 ஜோடி, மைக்ரோ 12 ஜோடி. பெரியது எங்கே முடிகிறது, சின்னது எங்கே தொடங்குகிறது என்பதில் சண்டை உண்டு, அது வேறு கதை. 16, 10, 24 என்று குழுவாரியாக எழுது. மொத்தத்தைக் கடைசியில் கூட்டிக்கொள்.

21. சென்ட்ரிஃபியூஜ்

ஹ்சு கதை தெரியாது. "எண்ணும் முன்பே" என்ற ஒரு வார்த்தையை ஏற்றுக்கொள்கிறேன்.

22. கால்நடைக்காரன்

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு உதாரணம் கிடக்கட்டும். தென் அமெரிக்காவில் பிளாட்டெமிஸ் பிளாட்டிசெஃபலா என்ற பக்கவாட்டில் கழுத்தை மடக்கும் ஆமை இருக்கிறது. இருமய எண் (இரண்டு தொகுதி) 64. ஆனால் ஒரே ஆமைக்குள் 64 உள்ள செல்லும் 96 உள்ள மும்மயச் (மூன்று தொகுதி) செல்லும் கலந்து கிடப்பதை 1985இல் எழுதினார்கள். "வளர்ப்பில் வந்த கோளாறு" என்று 96ஐ எல்லாம் கழித்துவிட்டிருந்தால் அந்த ஆமையின் விசித்திரமே நமக்குத் தெரிந்திருக்காது. விலகி நிற்கும் எண்ணைத் தூக்கிப் போடுவதற்கு முன் இன்னொரு திசுவில் பார்.

23. ஓட்டுக்குள்ளே

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும்.

குப்பி பிழைத்தது. மூன்றாவது பாசேஜில் ஸ்லைடு போட்டேன். கோல்செமிட் ஒன்றரை மணி நேரம். பொட்டாசியம் குளோரைடு அறை வெப்பத்தில் 20 நிமிடம். செல்லைப் பதப்படுத்த மெத்தனால் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு, அப்போதே கலந்து, முதல் சில சொட்டு மட்டும் குழாயைத் தட்டிக்கொண்டே விட்டேன். குளிர்ந்த ஈர ஸ்லைடில் சொட்டி, சுடுநீர் ஆவியில் ஒரு நிமிடம் காட்டி மெதுவாகக் காயவிட்டேன். சாயம் ஏற்றும் முன்பே ஃபேஸ் கான்ட்ராஸ்டில் பார்த்தேன். சாம்பல் வட்டத்துக்குள் எல்லாம் தனித்தனியாகக் கிடந்தன. ஓரத்தில் மைக்ரோக்கள் கோலப்புள்ளி மாதிரி. முன்பு எனக்குத் தெரிந்தது புள்ளி. இப்போது சிலவற்றில் இரண்டு குரோமாடிட் (இரட்டை இழை) பிரிந்து நிற்பதுகூடத் தெரிந்தது.

தோழி குறியீடு ஒட்டினாள். அவள் பழைய ஒன்பதாவது பாசேஜ் செல்லையும் அதே புது முறையில் போட்டு, எனக்குச் சொல்லாமல் கலந்துவிட்டாள் (நான்தான் கேட்டேன், ஆனால் எது எது என்று தெரியாது). இரண்டிலும் 60, 60 பரவல்.

மூன்றாவது பாசேஜ்: 50 வந்தது 43. 49 வந்தது 7. 48 வந்தது 4. 47 வந்தது 2. அதற்கும் கீழ் 1. 51 வந்தது 1. 100 பக்கம் 2. குழுவாரியாக, அந்த 43 செல்லிலும் 16, 10, 24.

ஒன்பதாவது பாசேஜ்: 50 வந்தது 31. 51 வந்தது 12. மீதி கீழே, நாலுமயம் 5.

12 செல்லில் 51. உருண்டு வந்த ஒன்று இல்லை. பன்னிரண்டிலும் அதே இடத்தில்தான் கூடுதல்: நுனியில் சென்ட்ரோமியர் உள்ள குழுவில் 10க்குப் பதில் 11.

24. மூன்றாம்பாசேஜ்

அப்படிப் போடு. அந்த ஃபிளாஸ்கில் ஒரு கிளை தனியாகக் குடித்தனம் தொடங்கிவிட்டது. இன்னும் நாலு பாசேஜ் விட்டிருந்தால் 51தான் பெரும்பான்மை, "அதிகத் தடவை வரும் எண்ணைப் பார்" என்று நான் சொன்னதே உன்னைக் கவிழ்த்திருக்கும்.

25. பழைய_மைக்ராஸ்கோப்

பழைய 31இல் 51 ஒன்றே ஒன்றுதானே இருந்தது? அந்த ஒன்பது "நல்ல" படங்களையும் குழுவாரியாகத் திரும்ப எண்ணிப் பார்.

26. ஓட்டுக்குள்ளே

நேற்று ராத்திரி அதைத்தான் செய்தேன் ஐயா. ஏழு படத்தில் 16, 10, 24. இரண்டு படத்தில் 16, 11, 23. மொத்தம் 50தான். 51 இருந்த செல், வெடித்ததில் ஒரு மைக்ரோவைத் தொலைத்துவிட்டு, சரியான எண்ணாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த இரண்டில் ஒன்று நான் அறிக்கையின் முதல் பக்கத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த படம். ஒன்பதில் அதுதான் ரொம்ப அழகு.

கைடிடம் இரண்டு அட்டவணையையும் வைத்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த அழகான படத்தை வாங்கி, பேனா முனையால் நுனிக்குழுவை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பதினொன்று. இன்னொரு தடவை எண்ணினார். பிறகு, "இது எத்தனையாவது பாசேஜ்?" என்று கேட்டார்.

27. மூன்றாம்பாசேஜ்

மீதி எத்தனை குப்பி இருக்கிறது?

28. ஓட்டுக்குள்ளே

இரண்டு அக்கா. மூடியில் பாசேஜ் எண்ணையும் தேதியையும் அழியாத மையில் எழுதி, மேலே டேப் ஒட்டிவிட்டேன்.